மடிப்பு கலைந்த சரக்கு

கிட்டங்கித் தெருவுக்குக் கப்பல் வந்த அன்று குழாயில் தண்ணீர் விடுகிற முறைநாள். அதனால் அதை முதலில் பார்த்தவர்கள், எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்காக விடிவதற்குள் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற பெண்கள்தான். மேல்நிலைத் தொட்டிக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் மூன்று மாடி உயரத்துக்குக் கறுப்பும் துருவுமாக ஒரு கப்பல் கரிசல் மண்ணைக் கீறிக்கொண்டு வந்து நிற்பதை அவர்கள் பார்த்தார்கள், அதன் அடிவயிற்றிலிருந்து கடல் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார்கள், பிறகு யார் குடம் முன்னால் என்ற சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நெடுங்கரிசல் ஊர்க்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஆனாலும் அந்தக் கப்பல் இங்கே எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் எல்லாத் தாய்மாரும் எல்லாப் பிள்ளைகளையும் காலங்காலமாக மிரட்டி வந்தது, இப்படியெல்லாம் பண்ணினால் நம்ம மானம் கப்பலேறிப் போயிரும் என்றுதானே. ஏறிப் போவதற்கு ஒரு கப்பல் வேண்டும், அது வந்துவிட்டது. யாருடைய மானம் என்பது மட்டும்தான் பாக்கி.

வரிசையில் ஆறாவது குடத்துக்குப் பக்கத்தில் நின்ற ஜெயக்கொடிக்கு அந்தப் பாக்கியும் இல்லை. அவள் கப்பலைப் பார்த்ததும் தன்னுடைய இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டாள்.

ஜெயக்கொடி சேலை விற்கிறவள். நாற்பத்தெட்டு வயது. கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தார், மாதம் ஒருமுறை வந்து போவார். மகள் மதுரையில் ஹாஸ்டலில். வீட்டின் முன்னறை முழுக்கச் சேலைதான். அவள் வியாபாரம் எப்படியென்றால், மூன்று சேலையை ஒரு வீட்டில் விட்டுவிட்டு வருவாள், மூன்று நாள் வைத்துப் பார்க்கலாம், விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம், வெயிலில் பார்க்கலாம், மாமியாரிடம் காட்டலாம், தோள்மேல் போட்டுக் கண்ணாடியில் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் அப்படியே திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் ஒரே ஒரு சட்டம். அதை அவள் வாசற்படியில் நின்று ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லுவாள்: "மடிப்பு கலைஞ்சா எடுத்துக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

கலைந்த மடிப்பை எந்தக் கெட்டிக்காரி திரும்ப மடித்துக் கொடுத்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். விரல் நுனியால் ஒரு தடவு, மூக்குக்கு நேராக ஒரு விசிறல், அவ்வளவுதான். ஒருமுறை எதிர்வீட்டுச் செண்பகவல்லி ஒரு மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு விருதுநகரில் ஒரு வளைகாப்புக்குப் போய்வந்து, பழையபடி மடித்து, பழைய கவரில் போட்டுத் திருப்பித் தந்தபோது, ஜெயக்கொடி ஐந்து பெண்கள் முன்னால் அதை உதறினாள். ஐந்தாவது மடிப்பிலிருந்து ஒற்றை மல்லிகை, காய்ந்து பழுப்பேறி, தரையில் விழுந்தது. "மதினி, சேலை எங்கேயோ போய் சாப்பிட்டுட்டு வந்திருக்கு போலயே" என்றாள் ஜெயக்கொடி. ஐந்து பெண்களும் சிரித்தார்கள். செண்பகவல்லி அந்தச் சேலையை எடுத்துக்கொண்டாள், அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைக் கட்டவில்லை.

அந்த ஜெயக்கொடிதான் தெருவின் மாதர் சங்கச் செயலாளர். அவள்தான் பிரிட்டோவின் கேம் கடையை மூட வைத்தாள். பிரிட்டோ இருபத்தாறு வயதுப் பையன், அம்மா அந்தோணியம்மாளோடு தெருவின் நடுவீட்டில் வாடகைக்கு இருந்தான், வீட்டு வாசலிலேயே ஒரு தகரப் பந்தலைப் போட்டு ஐந்து கேம் மிஷின்களை மணிக்கணக்குக்கு வாடகைக்கு விட்டான். அவனுக்கு இன்னொரு வித்தையும் உண்டு, யார் குரலையும் அப்படியே பேசுவான். பஸ் கண்டக்டராகப் பேசி அரைத் தூக்கத்தில் இருக்கிற கிழவர்களைத் தெருவிலேயே இறங்கச் சொல்லுவான், சிலிண்டர்காரராகப் பேசி வீட்டுக்கு வீடு கேஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடி வரவைப்பான். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் டியூஷனை விட்டுவிட்டு அந்தத் தகரப் பந்தலில் கிடந்தார்கள் என்பது உண்மைதான். ஜெயக்கொடி மனு எழுதினாள், நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினாள், தொட்டியடியில் கூட்டம் போட்டு ஸ்டூல்மேல் ஏறி நின்று பேசினாள். "நாளைக்கு நம்ம பிள்ளைங்க பத்தாவது தாண்டலன்னா சிரிக்கப் போறது பக்கத்துத் தெருக்காரன். இந்தக் கடை இங்க இருந்தா நம்ம தெரு மானம் கப்பலேறிரும்" என்றாள். நல்ல கைதட்டல்.

பிரிட்டோ கடையை மூடினான். மூடினானா, ஒளித்து வைத்து நடத்துகிறானா என்று பார்த்து வரச் சங்கம் அவளையே அனுப்பியது. போனாள். பந்தலைப் பிரித்திருந்தான், நாற்காலிகளை அடுக்கியிருந்தான். மேசைமேல் ஒன்றே ஒன்று கிடந்தது, கறுப்பாக, நீளமாக, நடுவில் திரையும் இரண்டு ஓரத்திலும் குமிழ்களும் பொத்தான்களுமாக.

"என்ன இது, டிபன் பாக்ஸை நசுக்கி வச்ச மாதிரி" என்றாள்.

"கடைசி பீஸ்க்கா. நாலு வித்துப்போச்சு, இதுக்கு மட்டும் ஆள் கிடைக்கல. இதைக் கேம் டப்பான்னு நினைச்சுக்கிடாதீங்க, இது முழுக் கம்ப்யூட்டர். மேசைல வைக்கிற கம்ப்யூட்டர் செய்யுற அத்தனையும் செய்யும், ஆனா கைக்குள்ள அடங்கிரும். உங்க சேலை போட்டோ எல்லாத்தையும் இதுல போட்டுக் கஸ்டமருக்குத் தள்ளித் தள்ளிக் காட்டலாம்."

"எனக்கு எதுக்கு."

"சும்மா வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா குடுங்க." பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுடைய குரலிலேயே, அவளுடைய அந்த இழுப்போடு சொன்னான்: "மடிப்பு கலைஞ்சா எடுத்துக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொள்ளக் குனிந்தவள் அந்தச் சாமானை எடுத்துச் சேலைப் பைக்குள், இரண்டு சுங்குடிச் சேலைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். சங்கத்தில் "சுத்தமா மூடிட்டான்" என்று சொன்னாள்.

சேலை போட்டோவைத்தான் முதலில் போட நினைத்தாள். ஆனால் திரையைத் தொட்டதும் ஒரு மலை வந்தது, மலையடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி நின்றது. வலது குமிழை அசைத்தால் குட்டி நடந்தது, பொத்தானை அமுக்கினால் தாவியது. தாவித் தாவி மேலே போக வேண்டும், ஆட்டமே அவ்வளவுதான். ஜெயக்கொடி தாவ வைத்தாள், குட்டி விழுந்தது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். குட்டி எழுந்து காதை உதறிக்கொண்டு மறுபடி நின்றது. மறுபடி தாவியது, மறுபடி விழுந்தது, எழுந்தது. இருபத்திரண்டு வருடமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் மாடிப்படி ஏறினவள் அவள். எந்த வீட்டில் எந்தப் படியில் சறுக்கினாலும் யாராவது ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள், அதை யாராவது ஒருத்தியிடம் சொல்லுவாள். இந்தக் குட்டி நூறு தரம் விழுந்தது, ஒரு கழுதையும் ஏன் என்று கேட்கவில்லை.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் கிட்டங்கித் தெரு கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த இரண்டு மணி நேரம் ஜெயக்கொடி தாழ்ப்பாள் போட்டு, மின்விசிறியை ஐந்தில் வைத்து, சேலைக் குவியலில் சாய்ந்துகொண்டு, ஆட்டுக்குட்டியை மலைமேல் ஏற்றினாள். இரண்டு நாள் பார்க்கலாம் என்று நினைத்தது ஆறு நாளானது, பத்து நாளானது. வாங்குவதா வேண்டாமா என்று தினமும் யோசித்தாள். வேண்டாம் என்பதற்கு நிறையக் காரணங்கள் இருந்தன: ஒரு பாக்கெட் சீனி அளவுக்குக் கனம், அரைமணி நேரத்தில் மணிக்கட்டு இற்றுப்போகிறது, சார்ஜ் இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை, தலைப்பக்கத்திலிருந்து இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடாக மூச்சு விடுகிறது, அந்த விலைக்கு மூன்று முகூர்த்தப் பட்டு எடுக்கலாம். வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் சேலை போட்டோ என்கிற காரணத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள், ஆனால் பத்து நாளில் அதற்குள் ஒரு ரவிக்கைத் துணியின் போட்டோகூட ஏறவில்லை.

பதினோராவது நாள் காலையில் கப்பல் வந்தது.

கப்பலைத் தெரு எடுத்துக்கொண்ட விதம் இப்படி: முதல் நாள் பிள்ளைகள் நங்கூரச் சங்கிலியில் ஊஞ்சல் ஆடினார்கள், இரண்டாம் நாள் பெரியவர்கள் அவர்களை விரட்டிவிட்டு அதில் துணி காயப்போட்டார்கள், மூன்றாம் நாள் அடிவயிற்றில் சொட்டுகிற உப்புத் தண்ணீரை அண்டாவில் பிடித்து மாங்காய் ஊறப்போட்டார்கள். நான்காம் நாள் வார்டு ஆபீஸிலிருந்து இருவர் வந்து ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒன்றைப் பசை தடவி ஒட்டிவிட்டு, கப்பலோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஒரு வாரத்தில் "தொட்டி ஸ்டாப்" என்பதை விட்டுவிட்டு "கப்பலெல்லாம் முன்னால வா" என்று கூவத் தொடங்கினார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கப்பல் ஒருமுறை ஊதும், அந்த ஊதலுக்கு உலை வைத்தால் ஏழரைக்குச் சாப்பாடு சரியாக இருந்தது.

கப்பலில் ஒரே ஒரு ஆள் இருந்தார். காக்கி அரைக்கால் சட்டையும் தோளில் துண்டுமாக, ஏணிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சொந்தக் குரல் கிடையாது, யார் கேட்கிறார்களோ அவர்கள் குரலிலேயே பதில் சொல்லுவார். பிரிட்டோ இரண்டு நாள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தான், கண்டக்டராகக் கேட்டான், சிலிண்டர்காரராகக் கேட்டான், எல்லாக் குரலும் அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தபிறகு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டான். சீனிராஜ் அண்ணாச்சி, கோர்ட்டில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பிரிட்டோ குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், அவர் போய் முறையாகக் கேட்டார்: "எப்போ புறப்படுவதாக உத்தேசம்?"

"ஒருத்தர் சரக்கு வர வேண்டியிருக்கிறது" என்றார் கப்பல்காரர், சீனிராஜ் அண்ணாச்சியின் மூக்கடைத்த குரலில். "வந்ததும் புறப்படுவதாக உத்தேசம்."

அன்றைக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மானம் எங்கே இருக்கும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. பெண்களுக்குக் கல்யாணப் பட்டுக்குக் கீழே, அந்துருண்டை வாசத்தோடு, இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு சேலையாக, ஆண்களுக்கு அங்கவஸ்திரமாக. எடுத்துப் பார்த்தார்கள், லேசாக உதறினார்கள், சிலர் வெயிலில் போட்டார்கள், எல்லாம் இருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்ப வைத்தார்கள். ஜெயக்கொடி மட்டும் பீரோ முன்னால் சாவியோடு நின்றாள், திறக்கவில்லை. அன்றைக்கு மத்தியானமும் குட்டி மலை ஏறியது.

தன்னுடையது பத்திரம் என்று தெரிந்தபிறகு ஒவ்வொருவரும் அடுத்தவருடையதைப் பற்றி யோசித்தார்கள். யோசித்து யோசித்து, யாரும் தனியாகச் சொல்லாமல் எல்லோருமாகச் சேர்ந்து, அது பிரிட்டோதான் என்று முடிவுக்கு வந்தார்கள். கப்பலேறும் என்று ஜெயக்கொடியே ஸ்டூல்மேல் நின்று சொன்னாளே, அவள் வாக்குப்படியே நடந்திருக்கிறது. அந்தோணியம்மாள் தண்ணீர் பிடிக்க வந்தால் வரிசை சத்தமில்லாமல் ஒரு அடி தள்ளி நின்றது. அந்தோணியம்மாள்தான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெயக்கொடியிடம் முதல் சேலை வாங்கினவள். இப்போது அவள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், வரிசையின் கடைசிக்குப் போனாள். ஜெயக்கொடி அதைப் பார்த்தாள். தன் குடம் நிரம்பி வழிகிறது என்று மூன்றாவது ஆள் சொன்னபிறகுதான் குனிந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மிஷினைத் துடைத்தாள், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், ரேகை இல்லாமல், ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் இரண்டு முறை. சேலைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு பிரிட்டோ வீட்டுக்குப் போனாள்.

"வேண்டாம்ப்பா. பார்த்தேன். எனக்குச் சரிப்படாது."

பிரிட்டோ வாங்கித் திரையைத் தட்டினான். ஆட்டுக்குட்டி மலையின் பாதிக்கு மேலே, பனி விழுகிற ஒரு பாறையில் நின்றுகொண்டு, காதை உதறியது. அவன் குட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி குட்டியைப் பார்த்தான்.

"அக்கா, என் கடைல ராப்பகலா கிடந்த பயலுவ ஒருத்தன்கூட இந்தப் பாறையைப் பார்த்ததில்ல."

ஜெயக்கொடி தரையைப் பார்த்தாள். சிமென்ட்டில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது.

"அதனால என்னக்கா" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி, உள்ளே இருக்கிற அம்மாவுக்குக் கேட்காதபடி. "இதை அழிச்சிரலாம். இந்தா, இங்க ஒரு பட்டன். அமுக்கினா குட்டி பழையபடி மலையடிக்கு வந்து நிக்கும், நீங்க ஒரு நாளும் விளையாடவே இல்லன்னு ஆயிரும். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. சேலை மாதிரி இல்ல இது. நீங்களே அமுக்குங்க."

அவள் கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. கப்பல் ஆறு மணி ஊதலை ஊதியது. குட்டி பனியில் நின்றுகொண்டு, யாரோ தாவச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தது. ஜெயக்கொடி கட்டைவிரலை எடுத்தாள், மிஷினைக் கவரில் போட்டாள், "இன்னொரு நாள் யோசிச்சுச் சொல்றேன்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பிரிட்டோ அவளைக் கிண்டல் செய்திருந்தால் பரவாயில்லை. அவன் குரலில் கேலி இல்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டியடியில் கூட்டம். கப்பல் நிழல் விழுந்ததால் பந்தல் செலவு இல்லை. அதே ஸ்டூலைப் போட்டிருந்தார்கள். சீனிராஜ் அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"யாருடைய மனசையும் புண்படுத்துவது நம்ம நோக்கமில்லை. ஆனால் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஒருத்தன் பண்ணினதுக்கு மொத்தத் தெருவும் கப்பலை வாசல்ல கட்டிவச்சுக்கிட்டு நிக்க முடியாது. அந்த வீட்டை நான் காலி செய்யச் சொல்வதாக இருக்கிறேன். எழுத்துப்பூர்வமாகச் சங்கம் ஒரு தீர்மானம் கொடுத்தால் நல்லது. ஜெயக்கொடி எழுதும்."

யாரோ அவள் மடியில் நோட்டை வைத்தார்கள், கையில் பேனாவைக் கொடுத்தார்கள். அந்தோணியம்மாள் கூட்டத்தின் ஓரத்தில், மகனுக்குப் பின்னால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கேட்கிறேன்னு நினைக்காதே" என்றாள் செண்பகவல்லி. "உன் கடைல மொத்தம் அஞ்சு மிஷின். நாலு வித்துட்டேன்னு நீயே சொன்ன. அஞ்சாவது எங்க? அது இந்தத் தெருவுலதான் எங்கயோ இருக்கு, அதான் கப்பல் நகரமாட்டேங்குது."

"அது பார்க்கக் குடுத்திருக்கேன் மதினி."

"யாருக்கு?"

பிரிட்டோ யார் பக்கமும் திரும்பவில்லை. கப்பலின் துருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெருவில் நாற்பத்தொரு குரல் தெரியும், அவற்றில் எந்தக் குரலை எடுத்தாலும் ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். "அதைச் சொல்றதுக்கில்ல" என்றான், தன்னுடைய சொந்தக் குரலில். அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. மெல்லிய, கொஞ்சம் கம்மிய குரல்.

"பார்த்தீங்களா, வாயத் தொறக்கல" என்றார் சீனிராஜ் அண்ணாச்சி. "எழுதும்மா."

ஜெயக்கொடி பேனாவை நோட்டில் வைத்தாள். பேனாவைப் பிடித்த கட்டைவிரலில் காய்ப்பு ஏறியிருந்தது, வட்டமாக, குமிழ் அளவுக்கு. அதைத் தானே பார்த்தாள். பார்த்ததும் ஒரு சூடு கழுத்தில் ஏறி, காது மடல் வரைக்கும் போனது. மல்லிகைப் பூ தரையில் விழுந்தபோது செண்பகவல்லியின் காதும் இப்படித்தான் சிவந்தது, அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்த ஆறாவது ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"எழுதுறதுக்கு இல்ல அண்ணாச்சி" என்றாள். "அது எங்கிட்ட இருக்கு."

சத்தமாகத்தான் சொன்னாள், ஆனால் முதலில் யாருக்கும் புரியவில்லை. சங்கத்துக்காகப் பறிமுதல் பண்ணி வைத்திருக்கிறாள் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"பறிமுதல் இல்ல. விளையாடிக்கிட்டு இருக்கேன். இருபத்தாறு நாளா, மத்தியானம் மத்தியானம். தூங்குறேன்னு நீங்க நினைச்சீங்க. ஒரு ஆட்டுக்குட்டி, மலை ஏறும்." சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, கல்லூரியில் படிக்கிற மகளை வைத்துக்கொண்டு, ஸ்டூல்மேல் ஏறி நின்று பேசினவள், ஆட்டுக்குட்டி. "இவன் சொல்லியிருக்கலாம், சொல்லல. கப்பல் இவனுக்கு வரல. இருங்க, வாறேன்."

வீட்டுக்குப் போனாள். பீரோவைத் திறந்தாள். கல்யாணப் பட்டுக்குக் கீழே கைவிட்டு இழுத்தாள். அவள் பயந்தபடிதான் இருந்தது. ஊசி மடிப்பாக, கத்தி ஓரம்போல வைத்திருந்த மானம், ஒரு மத்தியானத்துக்கு ஒரு மடிப்பாகக் கலைந்து, சுருண்டு, கசங்கி, யாரோ கட்டிக்கொண்டு படுத்து எழுந்ததைப் போல் கிடந்தது. அதை இரண்டு கையாலும் அள்ளி, அதன்மேல் மிஷினை வைத்து, தெரு நடுவே நடந்தாள். வாசல்களில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மறைக்க முந்தானையைத் தேடினாள், கையில் இடமில்லை. தொட்டியடிக்கு வந்து, கூட்டம் பிரிந்து வழிவிட, ஏணிப்படிக்கு முன்னால் நின்றாள்.

"எடுத்துக்கங்க" என்றாள் கப்பல்காரரிடம். "ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க. எனக்குத்தான் வந்திருக்கீங்க."

கப்பல்காரர் எழுந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். கசங்கிய சேலையை விரல் நுனியால் ஒரு தடவு தடவினார், மூக்குக்கு நேராக ஒருமுறை விசிறினார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, ஜெயக்கொடியின் குரலில், அவளுடைய அந்த இழுப்போடு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"மடிப்பு கலைஞ்சா எடுத்துக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."

"என்ன?"

"கலைஞ்ச சரக்க நாங்க ஏத்துறதில்ல தாயி. கலைச்சவங்கதான் வச்சுக்கிடணும்." அதையும் அவள் குரலிலேயே சொல்லிவிட்டு, சேலையை அவள் கையிலேயே திரும்ப வைத்து, ஏணியில் ஏறி, ஏணியை இழுத்துக்கொண்டார். காலை பதினொரு மணிக்கு, ஊத வேண்டாத நேரத்தில், கப்பல் ஊதியது. நங்கூரச் சங்கிலியில் காய்ந்த துணிகளை எடுக்கப் பெண்கள் ஓடினார்கள். எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். சீனிராஜ் அண்ணாச்சியின் பட்டாபட்டி டிராயர் ஒன்று மட்டும் அகப்படவில்லை. அதைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு, கருவேலங்காட்டை இரண்டாக வகுந்துகொண்டு, வந்த வழியே வெறுங்கப்பலாகப் போனது கப்பல்.

கூட்டம் கலைந்தது. அந்தோணியம்மாள் போகிற போக்கில் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள், அது ஒரு அடியைப் போல் இருந்தது. பிரிட்டோ கடைசியாக வந்தான்.

"எடுத்துக்கிறேன்" என்றாள் அவனிடம், நிமிராமல். "நாளைக்கு வீட்டுக்கு வா, விலையப் பேசிக்கிடலாம்."

"சரிக்கா" என்றான். யார் குரலிலும் இல்லாமல்.

ஜெயக்கொடி மிஷினைத் தொட்டியின் சிமென்ட் மேடையில் வைத்துவிட்டு, மானத்தை மடிக்கப் பார்த்தாள். சேலையைத் தனி ஆளாக மடிப்பவள்தான், ஆயிரம் மடித்திருப்பாள், வாயால் ஒரு ஓரத்தைக் கவ்விக்கொண்டு, நாடிக்குக் கீழே கொடுத்து. ஆனால் இது நீளமாக இருந்தது, அவள் நினைத்ததைவிட ரொம்ப நீளம். ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கம் கரிசல் மண்ணில் விழுந்தது. மூன்றாவது தரம் விழுந்தபோது யாரோ குனிந்து அந்த ஓரத்தை எடுத்து மண்ணை உதறினார்கள். செண்பகவல்லி. அவள் எப்போது வீட்டுக்குப் போய்த் திரும்பினாள் என்று தெரியவில்லை, அந்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"முந்தியப் பிடி" என்றாள் செண்பகவல்லி. "நல்லா இழு. பலமில்லையா கையில. மத்தியானமெல்லாம் என்னதான் பண்ணுன."

ஜெயக்கொடி இழுத்தாள். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்தார்கள், உதறினார்கள், ஓரத்தோடு ஓரம் சேர்த்தார்கள், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். எவ்வளவு இழுத்தும் கசங்கல் போகவில்லை. பழைய கோடுகளில் விழமாட்டேன் என்று அது தன் இஷ்டத்துக்கு மடிந்தது, தடிமனாக, உப்பலாக, பார்த்த மாத்திரத்தில் கலைந்தது என்று தெரியும்படி.

"இனி இது இப்படித்தான் இருக்கும்" என்றாள் செண்பகவல்லி, கடைசி மடிப்பை அவள் கையில் கொடுத்து. "என்னுதும் இப்படித்தான் இருக்கு. பீரோவுக்குள்ள கொஞ்சம் இடம் அடைக்கும், அவ்வளவுதான்."

ஜெயக்கொடிக்கு ஏதோ சொல்ல வந்தது, மல்லிகைப் பூவைப் பற்றி, அந்த ஐந்து பெண்களைப் பற்றி. செண்பகவல்லி அதைக் கேட்பதற்கு நிற்கவில்லை. மேடைமேல் கிடந்த மிஷினை எடுத்து, டிபன் பாக்ஸைப் போல் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆட்டுக்குட்டி மேல ஏறிருச்சா?"

"இன்னும் இல்ல மதினி" என்றாள் ஜெயக்கொடி. "விழுந்துக்கிட்டேதான் இருக்கு."

"எங்க, காட்டு."